பழஞ்சேலைப் போர்வைக்கு என்ன விலை?



போன தை மாசம் நம்ம கூட்டமைப்புக் கூட்டத்தில் நடந்ததைப் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள். வராதவர்களுக்காகச் சொல்கிறேன். வெளியூரிலிருந்து ஒரு வியாபாரி வந்திருந்தார். நம்ம குழுப் பெண்கள் மேசையில் விரித்து வைத்திருந்த குழந்தைப் போர்வையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய நூல் சேலையை அடுக்கி, மேலே துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, முழுக்கக் கையாலேயே தைத்த போர்வை. "நூறு பீஸ் வேணும், பீஸுக்கு 150 ரூபாய் தர்றேன். துணி பழசுதானே, உங்களுக்கு என்ன பெரிய செலவு?" என்றார்.

நூறு பீஸ் என்றால் 15,000 ரூபாய். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சரிங்க சார், பேசிக்கலாம்" என்று தலையாட்டிவிட்டேன்.

பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா எழுந்தார். எட்டயபுரம் பக்கத்து ஊர்க்காரர். அதிகம் பேசாதவர். "மேடம், அது ஒண்ணு தைக்க எத்தனை மணி நேரம் ஆவும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. வரவு செலவு நோட்டு எழுதுவது எப்படி என்று ஊர் ஊராகப் போய் உங்களுக்குச் சொல்லித் தருகிறவள் நான். ஆனால் ஒரு போர்வைக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டால் பதில் இல்லை. சரி, உங்களுக்குத் தெரியுமா அக்கா என்று திருப்பிக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அந்த அறையில் முப்பது பேருக்கு மேல் இருந்தோம், ஒருத்தருக்கும் தெரியவில்லை. "சும்மா இருக்கிற நேரத்துல தைக்கிறதுதானே" என்றார்கள்.

வியாபாரியிடம் ஒரு மாசம் தவணை வாங்கினோம். அந்த மாசத்தில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்ம வீட்டுச் சமாச்சாரம்தான்

போர்வை தைப்பது நமக்குப் புதுசு இல்லை. பிள்ளை பிறக்கப்போகிறது என்றால் வீட்டில் இருக்கும் ஆச்சியோ அவ்வாவோ முதலில் தேடுவது பழைய நூல் சேலையைத்தான். பத்து வருஷம் துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆன சேலை. கிழிந்த பாகத்தை விட்டுவிட்டு, நல்ல பாகத்தை மூணு நாலு மடிப்பாக மடித்து, நாலு பக்கமும் நடுவிலும் ஓட்டுத்தையல் போட்டால் பிள்ளைக்கு விரிப்பு ரெடி. புதுத்துணி பிள்ளை உடம்பில் உறுத்தும், பழையது உறுத்தாது. ஈரம் பட்டால் உறிஞ்சும், நம்ம வெயிலுக்கு அரை நேரத்தில் காய்ந்துவிடும்.

வங்காளத்தில் இதையே 'காந்தா' என்கிறார்கள். நம்ம 'கந்தை' அந்தச் சொல்லுக்கு உறவுச் சொல்தான். அங்கே பழஞ்சேலைக் கரையிலிருந்து கலர் நூலை உருவியெடுத்து, அதையே ஊசியில் கோத்துத் தைப்பார்கள். நூல்கண்டுகூட வாங்க வேண்டியதில்லை.

கரிசல் மண்ணில் பருத்திக்கும் பஞ்சமில்லை, பருத்தித் துணிக்கும் பஞ்சமில்லை. கோவில்பட்டியில் பருத்திக்காக ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கியதே 1901ல். நம்ம ஆட்கள் பருத்தி விதைத்தார்கள், களையெடுத்தார்கள், மாசி பங்குனியில் வெடித்த பஞ்சை மடியில் சேர்த்தார்கள். மில்லில் நூலாக்கினார்கள். இன்றைக்குப் புதியம்புத்தூர் ரெடிமேட் கம்பெனிகளிலும் நம்ம ஊர் டெய்லர் கடைகளிலும் வெட்டுத் துண்டு மூட்டை மூட்டையாக விழுகிறது. தெரிந்த டெய்லரிடம் சொல்லி வைத்தால் சும்மாவே கொடுப்பார். அதனால் துணிக்கு அலைய வேண்டியதில்லை. நமக்குக் கிடைக்காதது நேரம்தான்.

காலண்டர் தாளில் எழுதிய கணக்கு

கேள்வி கேட்ட அக்காவே ஒரு போர்வையைத் தொடங்கினார். 3 அடிக்கு 2½ அடி, குழந்தை சைஸ். ஒவ்வொரு தடவை ஊசியை எடுக்கும்போதும் வைக்கும்போதும் மணி பார்த்து, கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதச் சொன்னேன். ஒரு மாசம் கழித்து அந்தத் தாள்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் அனுமதியோடு சிலதை அப்படியே தருகிறேன்.

"காலை 10.20லிருந்து 11. ஆடு அவுக்கப் போயிட்டேன்."

"மத்தியானம் 2லிருந்து 3.10. கரண்டு இல்ல. வாசல்ல வேப்ப நெழல்ல உக்காந்து தைச்சேன்."

"ராத்திரி அரை மணி. கண்ணு தெரியல. தைச்சது கோணிக்கிட்டுப் போச்சு. காலைல பிரிச்சேன்."

"இன்னிக்கு இல்ல. தண்ணி வர்ற நாளு."

"20 நிமிசம். கோழி போர்வை மேல ஏறி அசிங்கம் பண்ணிருச்சு. அலசிக் காயப்போட்டேன்."

"இல்ல. மாமியாளுக்குக் காய்ச்சல், கோவில்பட்டி ஆசுபத்திரி."

"ஒரு மணி நேரம். ஊசியக் காணும். பாய உதறித் தேடுனதுலயே பாதி நேரம் போச்சு."

23 நாள் ஆகியிருக்கிறது. அதில் ஊசியைத் தொட்டது 17 நாள். மொத்தம் கூட்டினால் 20 மணி 40 நிமிஷம். ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தது நாலே நாலு நாள்.

இந்தத் தாள்களைக் கூட்டத்தில் வாசித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். கோழி கதைக்கு ரொம்பச் சிரிப்பு. ஆனால் 20 மணி 40 நிமிஷம் என்று சொன்னதும் அறை அமைதியாகிவிட்டது. 150 ரூபாயில் நூலுக்கும் ஊசிக்கும் 30 போனால் மீதி 120. அதை 20 மணி நேரத்துக்குப் பங்கு போட்டுப் பாருங்கள். மணிக்கு 6 ரூபாய்தான் வருகிறது. களையெடுக்கப் போனாலும், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனாலும் இதைவிடக் கூடத்தான் கிடைக்கும்.

இந்த வேலைக்கு ஒரு குணம் உண்டு. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம். பால் பொங்கினால் ஓடலாம், பிள்ளை அழுதால் ஓடலாம். அதனாலேயே நமக்குத் தோதாக இருக்கிறது. அதே காரணத்தால்தான் யாரும் அதை வேலையாகவும் எண்ணுவதில்லை. 'சும்மா இருக்கிற நேரம்' என்று நாமே சொல்லிவிடுகிறோம். அந்த அக்காவின் தாள்களில் சும்மா இருந்த நேரம் எங்கே இருக்கிறது என்று நானும் தேடினேன், கிடைக்கவில்லை.

மடியில் வைத்தே தைக்கும் சித்தி பெண்கள்

இப்படித் துண்டு துண்டான நேரத்தில் தைப்பதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. பக்கத்து மாநிலமான கர்நாடகாவில், உத்தர கன்னட மாவட்டத்துக் காடுகளில், எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு வட்டாரங்களில் சித்தி என்ற மக்கள் இருக்கிறார்கள். (நம்ம ஊர்ச் சித்தி முறை இல்லை, அது அவர்கள் இனத்தின் பெயர்.) பல நூறு வருஷத்துக்கு முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் வேலையாட்களாகவும் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். கோவாவில் போர்ச்சுகீசியர்களிடமிருந்து தப்பிக் காட்டுக்குள் வந்தவர்களும் அதில் உண்டு. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூன்று பேரும் இருக்கிறார்கள். 2003ல்தான் கர்நாடகாவில் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

இந்தப் பெண்கள் தைக்கும் போர்வைக்குப் பெயர் 'கவந்தி'. சட்டம் கிடையாது, மிஷின் கிடையாது, அளவெடுத்து வரைவதும் கிடையாது. தரையில் உட்கார்ந்து மடியில் போட்டுத் தைக்கிறார்கள். முறையைச் சொல்கிறேன், நம்ம குழுக்களில் இரண்டு இடத்தில் செய்து பார்த்தாகிவிட்டது.

அடியில் ஒரு பழைய சேலையை வேண்டிய அளவுக்கு விரித்துக்கொள்ளுங்கள். மூலையிலிருந்து தொடங்க வேண்டும். அடித்துணியின் ஓரத்தை ஒரு விரக்கடை உள்ளே மடியுங்கள். அதன் மேல் வைக்கும் துண்டின் ஓரத்தையும் உள்ளே மடியுங்கள். இரண்டு மடிப்பும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும்படி வைத்து, ஓரத்தை ஒட்டியே ஓட்டுத்தையல் ஓட்டுங்கள். அடுத்த துண்டு முதல் துண்டின் மேல் கொஞ்சம் ஏறி உட்கார வேண்டும், அதன் ஓரமும் உள்ளே மடிந்திருக்க வேண்டும். இப்படி நாலு ஓரத்தையும் சுற்றி வந்ததும், ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளி அடுத்த சுற்று. சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போய் முடிகிறது. துண்டை ஒட்டுவதும், அடுக்குகளைச் சேர்த்துப் பிடிப்பதும் ஒரே தையலில் நடந்துவிடுகிறது.

நாம் வழக்கமாக நடுவில் தொடங்கிக் கடைசியில் ஓரம் கட்டுவோம். அவர்கள் ஓரத்தை முதலிலேயே முடித்துவிடுகிறார்கள். பாதியில் எடுத்து வைத்தாலும் ஓரம் பிரியாது, மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கண்மாய்க் கரைக்கு ஆடு மேய்க்கவும் போகலாம். நம்ம அக்காக்களுக்கு ரொம்பப் பிடித்தது இந்த விஷயம்தான்.

கடைசியில் நாலு மூலையிலும் ஒரு சதுரத் துண்டை முக்கோணமாக மடித்து, மறுபடி மடித்துச் செருகித் தைப்பார்கள். அதற்கு 'பூல' என்று பெயர், அதாவது பூ. பூ வைக்காத கவந்தி அம்மணமாக இருக்கிறது என்பது அவர்கள் பேச்சு. கிறிஸ்தவப் பெண்கள் சிலர் சிலுவை வைத்துத் தைப்பார்கள், முஸ்லிம் பெண்கள் சிலர் பிறை வைப்பார்கள். 2004ல் சித்திப் பெண்களுக்கென்று ஒரு போர்வைத் தையல் கூட்டுறவும் தொடங்கப்பட்டது. அவர்கள் கவந்திகள் அமெரிக்க அருங்காட்சியகம் வரைக்கும் போயிருக்கின்றன.

பீகாரில் இதே மாதிரி 'சுஜனி' என்று ஒன்று இருக்கிறது. முசாபர்பூர் மாவட்டத்து பூசுரா கிராமப் பெண்கள் 1988லிருந்து குழுவாகச் சேர்ந்து தைக்கிறார்கள். வரதட்சணை, குடி, பெண் சிசுவைக் கலைப்பது, இதையெல்லாம் துணியில் படமாகத் தைத்துவிடுகிறார்கள். அந்த முயற்சியை முன்னின்று நடத்திய நிர்மலா தேவிக்கு 2025ல் பத்மஸ்ரீ கிடைத்தது. நம்ம ஊர்க் குடி கதையைத் தைக்க வேண்டுமானால் எத்தனை கெஜம் துணி வேண்டும் என்று ஒரு மதினி கேட்டார். அதைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

எங்கே எங்கே கெட்டுப்போகும்

முதலில் சாயம். இது என் தலைமையில் நடந்த தப்பு, அதனால் மறைக்காமல் சொல்கிறேன். பயிற்சிக்காக முதலில் செய்த ஆறு போர்வையில் வெள்ளை வேட்டித் துண்டுக்குப் பக்கத்தில் அரக்குக் கலர்த் துண்டு வைத்தோம். பார்க்க அவ்வளவு எடுப்பு. ஒரு டீச்சர் பேத்திக்கு வாங்கிப் போனார். முதல் அலசலிலேயே அரக்கு இறங்கி வெள்ளையெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. டீச்சர் நல்ல மனுஷி, சத்தம் போடவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். மற்ற ஐந்தையும் விற்கவில்லை.

அதிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறோம். எந்தத் துண்டையும் தைப்பதற்கு முன்னால் நனைத்து, ஒரு வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து அழுத்திப் பிழிய வேண்டும். வெள்ளையில் கலர் ஒட்டினால் அந்தத் துண்டைத் தனியாக அலசிக்கொண்டே இருக்க வேண்டும். நாலைந்து அலசலுக்குப் பிறகும் தண்ணீர் தெளியவில்லையா, மிதியடிக்கு ஒதுக்கிவிடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் நின்றுவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது கடைத் துணிக்கு வரும் சாயத்துக்கு அதை நம்பிப் போர்வை தைக்க முடியாது.

அடுத்தது சுருக்கம். பழஞ்சேலை ஏற்கெனவே சுருங்கி முடிந்தது. டெய்லர் கடைப் புதுத் துண்டு இனிமேல்தான் சுருங்கும். இரண்டையும் அப்படியே சேர்த்துத் தைத்தால் முதல் துவையலில் போர்வை அப்பளம் பொரிந்த மாதிரி ஆகிவிடும். புதுத் துண்டைத் துவைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்டு, பிறகு எடுங்கள். பாலியஸ்டர், சில்க் மாதிரிச் சேலை, ஜரிகை இதெல்லாம் குழந்தைப் போர்வைக்கு வேண்டாம். வியர்வையை உறிஞ்சாது, ஜரிகை பிள்ளையைக் கீறும். துணி எதுவென்று தெரியாவிட்டால் ஓரத்தில் ஒரு நூலை உருவி, அடுப்படியிலிருந்து தள்ளி நின்று, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி முனையில் உருண்டையாகக் கட்டிக்கொள்ளும்.

ஊசி விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. தவழும் பிள்ளை இருக்கிற வீடு நம்மில் பாதி. உட்காரும்போது எத்தனை ஊசி எடுத்தீர்களோ, எழும்போது அத்தனையும் எண்ணி டப்பாவில் போட வேண்டும். ஊசியில் ஒரு முழம் சிவப்பு நூல் கோத்தே வைத்திருந்தால் பாயில் விழுந்தாலும் கண்ணில் படும். தைத்து முடித்த போர்வையைக் கையால் தடவிப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது. விரலில் மாட்டும் தொப்பியை டெய்லர் சாமான் கடையில் அங்குஸ்தான் என்று கேட்டால் கொடுப்பார்கள். நாலு அடுக்குத் துணியை வெறும் விரலால் தள்ளினால் ஒரு வாரத்தில் விரல் நுனி புண்ணாகிவிடும், அந்த விரலால் மிளகாய் வத்தல் காம்பு கிள்ளவும் முடியாது.

வாங்குகிறவர்களிடம் ஒன்றைச் சொல்லியே கொடுங்கள். ஒரு வயசுக்கு உட்பட்ட பிள்ளைக்கு இது கீழே விரிக்க மட்டும்தான். மேலே தடிமனாகப் போர்த்திவிட்டு நாம் வேலையைப் பார்க்கப் போனால், துணி முகத்தை மூடி மூச்சுத் திணறும் ஆபத்து உண்டு. மணி, பொத்தான், சம்கி எதையும் வைத்துத் தைக்காதீர்கள். பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும்.

இன்னொரு கரிசல் காடு

அமெரிக்காவில் அலபாமா என்று ஒரு மாநிலம். அதன் நடுவில் ஒரு பகுதிக்குக் 'கறுப்பு வளையம்' என்கிற மாதிரிப் பெயர். முதலில் அங்குள்ள கறுத்த மண்ணை வைத்து வந்த பெயர் அது. நம்ம மாதிரியே பருத்திக் காடு. அங்கே ஆற்று வளைவில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சின்ன ஊர். பருத்திக் காட்டில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வம்சம் அந்த ஊரில் இருக்கிறது. அடிமை முறை போன பிறகும் அதே நிலத்தில் குத்தகைக்கும் வாரத்துக்கும் உழைத்தார்கள். 1932ல் கடன் கொடுத்த வியாபாரி இறந்ததும், கடனுக்காக அவர்கள் வீட்டுத் தானியம், மாடு, ஏர் கலப்பை வரைக்கும் அள்ளிக்கொண்டு போனார்கள். வாசிக்கும்போது நம்ம ஊர்க் கந்துவட்டி ஞாபகம் வந்தது.

அந்த ஊர்ப் பெண்கள் கிழிந்த வேலைத் துணியிலிருந்து போர்வை தைத்தார்கள். பலகை வீட்டு இடுக்கு வழியாகக் குளிர் வரும், போர்வை இல்லாமல் பிள்ளைகள் தூங்க முடியாது. துண்டுகளை இணைப்பது அவரவர் வீட்டில் தனியாக. அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் கடைசி வேலைக்கு மட்டும் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். மிசௌரி பெட்வே என்ற பெண் 1942ல் கணவர் இறந்த பிறகு, அவர் காட்டு வேலைக்குப் போட்ட சட்டை, கால்சட்டைகளைக் கிழித்தே ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ள. முட்டி இடத்தில் நைந்து வெளிறிய தடம்கூட அப்படியே தெரியும். நம்ம வீடுகளிலும் அம்மா சேலையைப் பெட்டியடியில் வைத்திருக்கிறோம் அல்லவா.

1966ல் அந்த வட்டாரப் பெண்கள் சேர்ந்து போர்வைக் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள். ஓட்டுரிமைக்காகக் கறுப்பின மக்கள் போராடிய காலம் அது. பெயர் எழுதப் போனதால் வேலையும் குத்தகை நிலமும் போன குடும்பங்களும் அங்கே உண்டு. கூட்டுறவு போர்வைகள் நியூயார்க் வரைக்கும் விலை போயின. 1972ல் ஒரு பெரிய கம்பெனி தலையணை உறை தைக்க ஆர்டர் கொடுத்தது. ஒரே அளவு, ஒரே மாதிரி, ஆயிரக்கணக்கில். வருமானம் வந்தது. ஆனால் அவரவர் மனசில் தோன்றியபடி துண்டு வைத்துத் தைக்கும் சுதந்திரம் அந்த வேலையில் இல்லை. மிச்சம் விழுந்த வெட்டுத் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய், தங்கள் இஷ்டப்படி போர்வை தைத்துக்கொண்டார்கள். 2002ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் இந்த ஊர்ப் போர்வைகளைச் சுவரில் மாட்டிக் கண்காட்சி வைத்தபோது, பெரிய பெரிய ஓவியங்களுக்குச் சமம் என்று பத்திரிகைகள் எழுதின. 2006ல் அரசாங்கம் பத்துப் போர்வைகளைத் தபால்தலையாகவே வெளியிட்டது.

இத்தனை பெயர் வந்தும் பணம் யாருக்கு என்ற தகராறு வந்தது. 2007ல் மூன்று பெண்கள் நீதிமன்றம் போனார்கள். தங்கள் போர்வைகளை வைத்தும், அந்த டிசைனை வேறு பொருட்களில் போட்டும் சம்பாதித்ததில் தங்களுக்குச் சேர வேண்டியது சரியாகச் சேரவில்லை என்பது அவர்கள் வழக்கு. அடுத்த வருஷம் வழக்கு முடிவுக்கு வந்தது. கூட்டுறவு 2012ல் மூடப்பட்டுவிட்டது. 2021லிருந்து பல பெண்கள் இணையக் கடையில் தங்கள் பெயரிலேயே போர்வை விற்கிறார்கள். விலையை அவர்களே போடுகிறார்கள்.

இதைக் கூட்டத்தில் சொன்னபோது நம்ம ஊக்குநர் ஒருத்தர் கேட்டார், "அப்போ நாமளும் போர்வையில பேர் தைக்கணுமா?" தைக்கலாம் என்று தீர்மானம் போட்டோம். பின்பக்கம் ஒரு மூலையில் தைத்தவர் பெயரின் முதல் எழுத்து, ஊர், வருஷம். படம் எடுத்து, எந்தப் போர்வை யாருடையது என்று கூட்டமைப்பு நோட்டில் ஒட்டிவைக்கிறோம்.

இனி விலைக்கு வருவோம்

மணிக்கு இத்தனை ரூபாய் என்று முதலில் நாமே முடிவு செய்ய வேண்டும். ஒரு பேச்சுக்கு 40 என்று வைத்துக்கொண்டோம். உங்கள் ஊர்க் கூலியைப் பார்த்துக் கூட்டியும் குறைத்தும் கொள்ளுங்கள். கைத்தையல் போர்வை 20 மணி நேரம், அதற்கு 800. நூல், ஊசி, சோப்பு, இஸ்திரி சேர்த்து 50. ஆக 850. இதில் பத்தில் ஒரு பங்கு, 85 ரூபாய், குழுவுக்கு. சாயம் போய்த் திரும்பி வந்தால், கண்காட்சிக்குப் பஸ் ஏறினால், அந்தச் செலவு இதிலிருந்துதான். மொத்தம் 935. நாங்கள் 950 என்று எழுதினோம்.

இந்த விலைக்கு நம்ம ஊர்ச் சந்தையில் யாரும் வாங்க மாட்டார்கள், அதைப் பொய்யாகச் சொல்ல விரும்பவில்லை. நாமே வாங்க மாட்டோம். அதனால் இரண்டு வகையாகப் பிரித்தோம். பெரிய துண்டாக எடுத்து, கச்சா தையல் போட்டு அடுக்கைப் பிடித்துக்கொண்டு, மிஷினில் நேர்கோடாக ஓட்டினால் 5 மணி நேரத்தில் முடிகிறது. அதற்கு 200, சாமான், கரண்டு 60, குழுப் பங்கு 26, ஆக 286. விலை 300. பார்க்க அது வேறு போர்வை, அழகு குறைவுதான். ஆனால் துவைக்கத் தாங்குகிறது.

தவணை முடிந்து வியாபாரி வந்தார். அட்டையில் எழுதிய கணக்கை நான் காட்டவில்லை, காலண்டர் தாள் எழுதிய அக்காவையே காட்டச் சொன்னேன். 950 என்றதும் அவர் சிரித்தார். "கையில தைச்சதுக்கா இவ்வளவு?" என்றார். அக்கா கட்டை அவிழ்த்துத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார், வாசிக்கவில்லை. அவர் கொஞ்சம் வாசித்தார். கோழி வந்த இடத்தில் அவரும் சிரித்தார். கடைசியில் மிஷின் போர்வை 25 பீஸ், 300 ரூபாய்க்கு ஆர்டர் எழுதினார். பாதிப் பணம் முன்பணமாக வாங்கியிருக்கிறோம். கைத்தையல் ஒன்றுகூட எடுக்கவில்லை.

கைத்தையல் போர்வை மூன்று இப்போது கூட்டமைப்பு அலுவலகப் பீரோவில் வேப்பிலை போட்டு வைத்திருக்கிறது. அதில் ஒன்றை, முன்பு சாயம் போன போர்வை வாங்கிய டீச்சரே வந்து பார்த்துவிட்டு, சம்பளம் வந்ததும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். மற்ற இரண்டையும் மதுரை, சென்னைக் கண்காட்சிகளுக்கு அனுப்பலாமா, விலையைக் குறைக்கலாமா என்பதை அடுத்த மாதக் கூட்டத்தில் பேச வேண்டும். போர்வை தைக்கிற எல்லோரும் அவரவர் காலண்டர் தாளோடு வாருங்கள். மணி பார்க்க மறந்த நாளுக்கு 'மறந்தது' என்றே எழுதி வாருங்கள், குத்துமதிப்பாக எழுத வேண்டாம். வரும்போது ஆளுக்கு நாலு பழைய நூல் துண்டு, சாயம் பார்த்தது, கொண்டுவந்தால் நல்லது. மூலையில் பூ வைப்பதை அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து பழகிவிடலாம்.